மீனுக்கு மந்திரிக்கப் போற மாப்ளைக்கு

மாப்ள, ஒன் தொட்டி மீனுக்குக் காத்துக் கறுப்பு அண்டிருச்சுன்னு ஒங்காத்தா சொல்லிவிட்டுச்சு. ஆளு கிட்டக்கப் போனா விருட்டுன்னு ஓடிக் கண்ணாடில முட்டுதாம். லைட்டப் போட்டா எகிறுதாம். மத்த நேரமெல்லாம் ஃபில்டருக்குப் பின்னால பம்மிக் கெடக்குதாம். கோயில்ல மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கலாமான்னு நீ கேட்டதாவும் தகவல். தாராளமாத் தெளி. தண்ணிக்குள்ள கெடக்கறதுக்குத் தண்ணி தெளிச்ச மொத ஆளுன்னு வருசநாட்டுல ஒனக்கு ஒரு பேராவது நிக்கும்.

நானும் வந்து பாத்தேன்ல. தொட்டி இருக்கற சீருக்கு மீனு அமைதியா இருந்தாத்தான் அதிசயம். வாசக்கதவுக்கும் டிவிக்கும் நடுவுல ஒரு பெஞ்சு. பெஞ்ச ஒட்டி ஆளொசர ஸ்பீக்கரு. தொட்டிக்குள்ள ஒளிய ஒரு கல்லு கெடையாது, ஒரு பாசி கெடையாது, அடில வெள்ள வெளேர்னு பளிங்குக் கல்லு. கேட்டா, ‘மீனு நல்லாத் தெரியணும்ல மாமா’ங்கிற. தெரியுது மாப்ள, நல்லாவே தெரியுது. வர்றவன் போறவன் எல்லாம் பூட்டுன கடையத் தட்டுற மாதிரி டொக்கு டொக்குன்னு தட்டிட்டுப் போறான். உள்ள இருக்கறது எந்தக் கதவத் தெறந்து ‘வாங்க’ன்னு சொல்லும்?

அதுலயும் நீ வாங்கி வச்சிருக்கறது லேசுப்பட்ட மீனா? மிஸ் கேரளா! நம்ம மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. கம்பம், குமுளி தாண்டி எறங்குனா வர்ற முண்டக்கயத்து மீன வச்சுத்தான் 1865-ல பிரான்சிஸ் டேங்கிற வெள்ளக்காரரு அதுக்கு அறிவியல் பேரு வச்சாரு. அந்தச் சமயத்து மெட்ராசு கவர்னரு வில்லியம் டெனிசன் பேரத் தூக்கி மீனுக்குக் குடுத்துட்டாரு. கவர்னரு பேரு இருந்து என்ன செய்ய, அழகு ஆபத்தாப் போச்சு. தொட்டி ஆசக்காரங்களுக்காக ஆத்துல அள்ளுனது அள்ளுனதுதான். இப்ப அழியற பட்டியல்ல நிக்குது. அது ஓடுற தண்ணில கூட்டங்கூட்டமாத் திரியிற சாதி. வளந்தா அரையடி வரும். நாலடித் தொட்டியும் ஆறு கூட்டாளியும் கேக்கும். நீ ரெண்டடித் தொட்டில ரெண்டே ரெண்ட விட்டுப்புட்டு, ‘ஏன் மாமா பயப்படுது’ங்கிற. மிச்சக் கூட்டம் எங்கன்னு அது ஒன்னக் கேக்க முடியாமத்தான் முட்டிக்கிட்டுத் திரியுது.

வாலிப்பாறைப் பக்கம் மூல வைகைல நீ எறங்காத ஆளா? ஓட்டம் நின்னு கசத்துல மட்டும் தண்ணி கெடக்கும். ஒன் நெழலு விழுந்ததும் அம்புட்டு மீனும் கல்லுக்கடில போயிரும். அன்னைக்கு அதுக்கு யாரு பேய் ஓட்டுனா? மீனுக்குச் சாவு மேல இருந்துதான் வரும் மாப்ள. மீன்கொத்தி மேல இருந்துதான் விழுகும், கொக்கு மேல இருந்துதான் கொத்தும். நீயும் எர போடயில மேல இருந்துதான் சடார்னு கைய விடுற, மோதிரம் வேற மின்னுது. மீனு ஒன்ன மொதலாளின்னு நெனைக்குமா, மீன்கொத்தின்னு நெனைக்குமா? பக்கவாட்டுல இருந்து மெதுவா வா. தெனமும் ஒரே நேரத்துல, ஒரே ஆளு எர போடு. கொஞ்ச நாள்ல ஒன் நடையப் பாத்தே அது முன்னால வந்து நிக்கும். ஒன் பொண்டாட்டிகூட அப்படி வந்து நிக்காதுங்கிறது வேற விசயம்.

அந்த ஸ்பீக்கர மொதல்ல வேற ரூம்புக்குக் கடத்து. காத்தவிட தண்ணில சத்தம் நாலு மடங்குக்கும் மேல வெரசாப் போகும். மிஸ் கேரளா மாதிரிக் கெண்ட குடும்பத்து மீனுக்குக் காத்துப்பையிலருந்து காதுக்கு ஒரு எலும்புச் சங்கிலியே இருக்கு. நீ போடுற குத்துப்பாட்டு அதுக்கு ஒடம்பெல்லாம் கேக்கும். கண்ணுக்கு எம கெடையாது. நடுராத்திரி நீ எந்திரிச்சுத் தொட்டி லைட்டப் பொசுக்குன்னு போட்டா கண்ண மூடிக்கவும் வழியில்ல. ரூம்பு லைட்ட மொதல்ல போட்டு, கொஞ்சம் பொறுத்துத் தொட்டி லைட்டப் போடு. அணைக்கயில தொட்டிய மொதல்ல அணச்சுட்டு ரூம்ப அப்புறம் அணை.

இன்னொண்ணு கேட்டா ஒனக்கே உறுத்தும். கார்ல் வான் ஃபிரிஷ்னு ஒரு ஆஸ்திரியாக்காரரு. தேனீ ஆடி ஆடிச் சேதி சொல்றத வெளக்கி 1973-ல நோபல் பரிசு வாங்குனவரு. அவரு 1938-ல மீனுல ஒண்ணு கண்டாரு. கெண்ட எனத்துல ஒண்ணுக்குத் தோலு காயம் பட்டா, அந்தத் தோல்லருந்து என்னமோ ஒரு சரக்கு தண்ணில கலக்குது. அத மோந்ததும் மத்ததெல்லாம் செதறி ஓடுது. இது ஒன் செல்லுலயும் கெடக்கும், நீதான் ரீல்ஸ விட்டு வெளிய வரமாட்டேங்கிற. இப்பச் சொல்லு, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வலையப் போட்டு அதுகள வெரட்டி வெரட்டிப் பிடிச்சு, வாளில தள்ளி, தொட்டியச் சோப்புப் போட்டுத் தேய்க்கிறியே, அந்தப் பிடில ஒண்ணுக்குச் செதிலு பேந்தா மத்தது எப்படிச் சும்மா நிக்கும்?

சோப்பத் தூக்கி எறி. மீனு கழிக்கிற அம்மோனியாவத் தின்னு தண்ணியக் காக்குற கிருமி வளர நாலுலருந்து ஆறு வாரம் ஆகும். நீ வாரம் ஒருக்கா அத வழிச்சு ஊத்திட்டு, மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கச் சொல்ற. வாரத்துக்குக் கால்வாசித் தண்ணிய மட்டும் மாத்து, அதுவும் மீனத் தொடாம. மேல்நிலத் தொட்டித் தண்ணில பிளீச்சிங் பவுடர் கலந்திருப்பாக. வாளில பிடிச்சு ஒரு நாள் வெளிய வச்சு அப்புறம் ஊத்து. ஃபில்டர் பஞ்சக் குழாயில கழுவாத. தொட்டியிலருந்து எடுத்த பழைய தண்ணியிலயே அலசு.

பளிங்குக் கல்ல அள்ளிட்டு கறுப்பு மணலப் போடு. பின்பக்கமும் ரெண்டு பக்கமும் கறுப்புப் பேப்பர ஒட்டு. நாலு உருண்டக் கல்லு, கொஞ்சம் வேலம்பாசி, நாட்டு வாதும மரத்துக் காஞ்ச எல ரெண்டு. எல ஊறித் தண்ணி லேசாப் பழுப்பாகி வெளிச்சத்தக் கொறைக்கும். அழுக்குன்னு நெனச்சு ஊத்திராத. ஒளிய எடம் இருந்தா மீனு அடியோட காணாமப் போயிரும்னு நீ பயப்படுற. கூத்து என்னன்னா, ஒளிய எடம் இருக்குன்னு தெரிஞ்ச மீனுதான் தெகிரியமா வெளிய வரும். மேல்மட்டத்துல அஞ்சாம ஓடித் திரியிற ஜீப்ரா மீனு ஒரு ஆறு விட்டா, ‘இதுக வெளையாடுதே, எதிரி இல்ல போல’ன்னு அதுகளும் எட்டிப் பாக்கும். மிஸ் கேரளாவுக்கு மூடி போட்ட பெருந்தொட்டி வாங்க முடியலைன்னா, பெரிய தொட்டி வச்சிருக்கறவனுக்குக் குடுத்துரு. கவர்னரு கோவிச்சுக்க மாட்டாரு.

கூட்டாளி வேணும்னு சொன்னேன்னு சின்னச்சுருளி அருவிப் பக்கம் மீன் பிடிக்கக் கெளம்பிராத. அந்தக் காடு 2021-ல இருந்து திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம். மீனப் பிடிக்கப் போயி நீ பிடிபட்டா, ஜாமீனுக்கு நான் வரமாட்டேன்.

எல்லாத்தையும் மாத்துன பெறகும் ஒரு வாரம், பத்து நாளு பதுங்கத்தான் செய்யும். தட்டாத, எட்டிப் பாக்காத, விட்டுரு. ஆனா ஒடம்பக் கல்லுல தேச்சாலோ, மேல வந்து வாயப் பொளந்தாலோ, துடுப்ப மடக்கிக்கிட்டுச் சோந்து நின்னாலோ அது பயம் இல்ல. தண்ணி கெட்டிருக்கணும், இல்ல சீக்கு. அன்னைக்கே கால்வாசித் தண்ணிய மாத்திட்டு எனக்கு ஒரு போன் போடு. சாயங்காலமாப் போடு, பகல்ல எங்க தோட்டத்துல டவரு எடுக்காது.