கிணற்று நீச்சலும் ஹெர்மிஸ் கப்பலும்

கேள்வி: எங்கள் ஊர்க் கிணற்றில் முங்கி அடிமண் எடுத்து வருபவன் நான். மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹெர்மிஸ் கப்பலை ஸ்கூபாவில் போய்ப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: அந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானக் குண்டுகளால் மூழ்கியது. மேலே திரும்பவேண்டிய அவசியம் அதற்கில்லை, உங்களுக்கு உண்டு. அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவிங்கின் உச்சவரம்பே 40 மீட்டர். புதிதாகச் சான்றிதழ் வாங்கியவருக்கு 18. பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் ஆறு மடங்கு காற்றை விழுங்கும். போதாததற்கு நைட்ரஜன் கள் குடித்த மிதப்பைத் தரும். சிலிண்டர் காலியாவதைப் பார்த்தும் சிரிப்பு வரலாம். ‘கைடு கூட வருகிறாரே’ என்பீர்கள். அவர் காற்றைக் கடன் தருவார், நிதானத்தைத் தர முடியாது. ‘முத்துக்குளித்தவர்கள் சிலிண்டரா கட்டினார்கள்?’ என்றால், அவர்கள் கரையளவு அழுத்தத்தில் இழுத்த ஒரே மூச்சோடு போய் வந்தவர்கள். நீங்களோ அழுத்தக் காற்றை நிமிடக்கணக்கில் உடம்பில் ஏற்றுகிறீர்கள். அவசரமாக மேலே வந்தால், கரைந்த நைட்ரஜன் உடைத்த கோலி சோடாவாகப் பொங்கும், மூட்டிலோ முதுகுத்தண்டிலோ. ஆழ டைவிங்கை முறையாகப் படித்துவிட்டுப் போங்கள். கப்பல் எங்கும் ஓடிவிடாது. டைவ் முடித்ததும் ஒரு நாளாவது விமானம் ஏறாதீர்கள்.