இந்த மருந்துக்கு எந்தக் கட்டம்?

மருந்துக்கடைக்காரர், கும்பகோணம்: புற்றுநோய் மருந்து என்றாலே கீமோதானே? இதில் வகை பிரிக்க என்ன இருக்கிறது?

உங்கள் கடையில் இருப்பதும் எல்லாம் மாத்திரைதான். அதற்காக ஒரே டப்பாவிலா கொட்டி வைத்திருக்கிறீர்கள்? அமெரிக்காவில் புற்றுநோய்ப் பதிவேடு எழுதுகிறவர்கள், 1973-ல் தொடங்கிய ‘சீர்’ திட்டத்தின் மருந்துப் பட்டியலைப் புரட்டாமல் பேனாவைத் தொட மாட்டார்கள். (கல்யாணச் சீர் இல்லை. ஆனால் எது எந்தக் கணக்கில் வரும் என்ற பஞ்சாயத்து இதிலும் உண்டு.) பதிவேட்டில் கீமோவுக்கு ஒரு கட்டம், ஹார்மோனுக்கு ஒன்று, இம்யூனோதெரபிக்கு ஒன்று. வாந்தியை நிறுத்துவது, ரத்த அணுக்களைக் கூட்டுவது போன்றவை துணை மருந்துகள். அவற்றைப் புற்றுநோய்ச் சிகிச்சையாக எழுதக் கூடாது.

நர்சிங் மாணவி, வேலூர்: ஒரே மருந்து இரண்டு இடத்தில் வருமா?

தாய்மாமன் கல்யாண வீட்டில் மாலையும் போடுவார், பந்தியும் பரிமாறுவார். ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டும் அப்படித்தான். லிம்ஃபோமாவுக்கு ‘ஆர்-சாப்’ என்றொரு கூட்டு மருந்து கொடுக்கிறார்கள். அதில் ரிட்டுக்ஸிமாப் இம்யூனோதெரபி. சைக்ளோபாஸ்பமைடு, டாக்ஸோரூபிசின், வின்கிறிஸ்டின் மூன்றும் கீமோ. கடைசியில் வரும் ப்ரெட்னிசோன் ஹார்மோன். ஒரு சிகிச்சையை மூன்று கட்டத்தில் எழுத வேண்டும். இதே வகை ஸ்டீராய்டை குமட்டலுக்காகக் கொடுத்திருந்தால் ஒரு கட்டத்திலும் எழுத வேண்டாம். ஆகவே மருந்தின் பெயரோடு நின்றுவிடாமல், எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேஸ் ஷீட்டைத் துருவ வேண்டும். இந்த வேலையில் கஷ்டமான பகுதி இதுதான்.

இல்லத்தரசி, மதுரை: தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறேன். என்னையும் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்களா?

பயப்படாமல் காபியைக் குடியுங்கள், மாத்திரை போட்டு அரை மணி கழித்து. உங்களுக்கு அது சுரப்பிக் குறைபாட்டுக்கான மாத்திரை. தைராய்டில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் வந்தவர் அதையே விழுங்கினால், கட்டி வளரத் தூண்டும் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோனை அது அடக்கிவைக்கும். அதனால் அவர் கணக்கில் ஹார்மோன் சிகிச்சை.

புள்ளியியல் ஆசிரியர், கோவை: பழைய பதிவுகளையும் புதியவற்றையும் அப்படியே ஒப்பிடலாமா?

அவசரப்பட்டால் ஏமாறுவீர்கள். 2013-ல் ட்ராஸ்டுஸுமாப், ரிட்டுக்ஸிமாப், பெவாசிஸுமாப் உள்ளிட்ட ஆறு மருந்துகளைக் கீமோவிலிருந்து இம்யூனோதெரபிக்கு மாற்றினார்கள். கணக்கு, நோய் கண்டறிந்த தேதியை வைத்து. 2012 டிசம்பர் 31-ல் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தவருக்கு ட்ராஸ்டுஸுமாப் கீமோ. மறுநாள் தெரிந்தவருக்கு அதுவே இம்யூனோதெரபி. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஒரே நாளில் மருந்து ஏற்றிக்கொண்டாலும் இதுதான் விதி! எனவே 2013-க்குப் பிறகு கீமோ குறைந்ததாக ஒரு வரைபடம் காட்டினால், மருத்துவத்தைப் பாராட்டுமுன் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். பழைய பதிவுகளையும் திருத்தியிருக்கலாம் என்பது என் கட்சி. எல்லா மருந்தும் இப்படி இடம் மாறவில்லை: வீட்டிலேயே விழுங்கும் இமாட்டினிப் மாத்திரை ‘சீர்’ பட்டியலில் கீமோதான்.

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: பேர் மட்டும் பெரிதாக இருந்து, கணக்கில் வராத மருந்து உண்டா?

உண்டு, லூக்கோவோரின். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ‘ஃபோல்ஃபாக்ஸ்’ கூட்டில் முதலில் வரும் ‘ஃபோல்’ இவர்தான். கூட வரும் ஃப்ளூரோயுராசிலுக்கு வீரியம் ஏற்றுவது இவர் வேலை. பதிவேட்டில் இவர் துணை மருந்து. ஒரு கட்டமும் கிடையாது.