மீதிப் பணத்து மின்சாரம்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய சென்னை ரிச்சி தெருவுக்கு வருகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. சட்டைப் பையில் எக்ஸெல் தாள் நாலாக மடிந்து, வியர்வையில் லேசாக ஊறியிருக்கும். பிராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, ரேம், எஸ்எஸ்டி, கேபினட் என்று ஒவ்வொன்றுக்கும் மாடல் எண்ணும் மூன்று கடை விலையும் குறித்திருப்பார். கடைசி வரியில் எஸ்எம்பிஎஸ் என்று மட்டும் இருக்கும். மாடல் கிடையாது. எதிரே ஒரு தொகை. அது அந்தப் பொருளின் விலை என்று நினைத்தால் தவறு. 50,000 ரூபாயில் மேலே உள்ளவை தின்றது போக மிஞ்சியது. இவருக்கு மீதிக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

மீதிக்காரரை விவரம் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ரேம் 3200-க்கும் 3600-க்கும் என்ன வித்தியாசம் என்று அரை மணி நேரம் பேசுவார். கிராபிக்ஸ் கார்டில் இரண்டு ஃபேனா மூன்று ஃபேனா என்பதற்காக இரண்டு வாரம் தூக்கம் கெட்டவர். எஸ்எம்பிஎஸ் என்றதும் மட்டும் அவருக்குள் இருக்கும் இன்ஜினியர் எழுந்து வெளியே போய்விடுவார். “கரண்ட் குடுக்கிற டப்பாதானே சார், அதுல என்ன இருக்கு?”

அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. இப்போதைய கேபினட்டுக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஃபேனெல்லாம் ஏழு நிறத்தில் சுற்றுகிறது, ரேம்கூட மினுக்குகிறது. எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் அடியில் ஒரு தகட்டுக்குப் பின்னால் மறைத்துவிட்டார்கள். யாரும் பார்க்காத சாமானுக்கு எவன் செலவழிப்பான்? கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்கு வாரி இறைத்துவிட்டு ஜெனரேட்டர்காரரிடம் முந்நூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டும் மாமாவின் கணக்குதான் இவருடையதும்.

“அண்ணே, 450 வாட்ல நல்லதா ஒரு எஸ்எம்பிஎஸ் குடுங்க. ரேட் ஆயிரத்துக்குள்ள முடிங்க.”

“சார், இவ்ளோ பெரிய கார்டு போடறீங்க. பிராண்டடாப் போட்டுக்குங்க. மூவாயிரம் ஆகும்.”

“அதுவும் 450, இதுவும் 450. ரெண்டாயிரம் எதுக்கு எக்ஸ்ட்ரா? ஸ்டிக்கருக்கா?”

ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது இதைக் கேட்கும் கடைக்காரர் பதில் சொல்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது. இரண்டையும் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். ஒன்று கனத்தது. இன்னொன்று காலி டப்பா மாதிரி இருந்தது. உள்ளே சுருள்கள் சிறுத்து, சூட்டை வாங்கும் அலுமினியம் மெலிந்து, சர்க்யூட் போர்டில் சில இடங்களில் பாகமே பொருத்தாமல் வெறும் ஓட்டைகளோடு விட்டிருப்பார்கள். மீதிக்காரர் இரண்டையும் தூக்கிப் பார்த்து, “இது புது டெக்னாலஜி போல, வெயிட்டே இல்ல” என்றார். கடைக்காரர் பில் புத்தகத்தைத் திறந்தார்.

அவர் குறை சொன்ன அந்த ஸ்டிக்கரில்தான் விஷயமே இருக்கிறது. பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 450-ஐ விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் கட்டத்துக்குப் போக வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் நிறைய வாங்கிக்கொண்டிருந்தன. இன்று பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் குடிக்கின்றன. அந்த 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்துப் பெருக்கினால் உண்மை வெளிவந்துவிடும். இவர் வாங்கியதில் 16 ஆம்பியர். ஆக 192 வாட். இவர் ஆசையாக வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும். பிராசஸருக்கு 65 வாட்டாவது வேண்டும். மளிகை பில்லில் இரண்டு ரூபாய் கூடியிருந்தால் தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்க் கேட்கிற மனிதருக்கு இந்தக் கூட்டல் தெரியாதா? தெரியும். பார்க்க மாட்டார்.

அவரிடம் சித்தாந்தங்களும் உண்டு. முதலாவது மின்கட்டணம். “650 வாட் போட்டா கரண்ட் பில் எகிறிடும் சார். நம்ம வீட்ல ஏற்கெனவே ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட் ஓடுது. 500 தாண்டினா ரேட்டே வேற.” 500 பற்றிய அவருடைய பயம் நியாயமானது, மற்றது அல்ல. டப்பாவில் 650 என்று எழுதியிருப்பதால் அது எப்போதும் 650-ஐ உறிஞ்சிக்கொண்டிருக்காது. உள்ளே இருப்பவை 200 கேட்டால் 200-தான் கொடுக்கும். கூடச் சூடாக வீணாவது எவ்வளவு என்பதே கேள்வி. 80 சதவீதம் செயல்திறனுள்ளது சுவரிலிருந்து 250 எடுக்கும். 65 சதவீதம் உள்ளது 300-க்கும் மேலே எடுக்கும். யூனிட்டுக்குப் பயந்து அவர் வாங்கியது இந்த இரண்டாவது வகை.

அடுத்தது 80 பிளஸ் சித்தாந்தம். 2004-இல் தொடங்கிய இந்தச் சான்று, சுவரிலிருந்து எடுப்பதில் குறைந்தது 80 சதவீதமாவது உள்ளே போய்ச் சேருகிறதா என்று பார்க்கிறது. மீதிக்காரரின் பாஷ்யம் வேறு: “80 பிளஸ்னா 450-ல 80 பர்சென்ட், 360-தான் வரும். லோக்கல்ல முழுசா 450 வரும்.” அதற்கு மேல் ப்ரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைட்டேனியம் என்று படிகள் இருப்பதைக் கடைப்பையன் சொல்லத் தொடங்கியதும், “தம்பி, நான் என்ன நகைக்கடைக்கா வந்திருக்கேன்?” என்று வாயை அடைத்துவிட்டார். (சான்று இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. ஷார்ட் ஆனால் தானே அணையுமா, ஐந்து வருடம் உழைக்குமா என்பதெல்லாம் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.)

கிராபிக்ஸ் கார்டுக்கு 8-பின் வயர் வேண்டும், இவருடைய டப்பாவில் இல்லை. ஹார்டு டிஸ்க்குக்குக் கொடுக்கும் மோலெக்ஸ் வயர் இரண்டைச் சேர்த்து 8-பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்றை 120 ரூபாய்க்கு வாங்கினார். ஊருக்குப் போனாலும் இந்த 120 ரூபாய்க் கதையைச் சொல்வார்.

அன்று இரவு கம்ப்யூட்டர் எரிந்தது. விளக்கு எரிந்ததைச் சொல்கிறேன். மச்சானுக்குப் போன் போட்டு, “எழுநூறு ரூபா எஸ்எம்பிஎஸ், ராஜா மாதிரி ஓடுது மாப்ளே” என்றார். பிரவுசர் மட்டும் திறந்திருக்கும்போது எதுவும் ராஜாதான். மறுநாள் மகன் கேம் போட்டான். கார் முதல் வளைவில் திரும்பியது. டப்பென்று எல்லாம் இருட்டு.

இங்கேதான் மீதிக்காரரின் முழு மேதைமையும் வெளிப்படும். விண்டோஸைத் திரும்பப் போட்டார். ரேமைக் கழற்றி, மகனின் ரப்பரை வாங்கி, தங்கநிறப் பற்களை அழுத்தித் தேய்த்து மாட்டினார். ஆன்டிவைரஸை மாற்றினார். மின்வாரியத்தைத் திட்டினார். கரண்ட் போய் யூபிஎஸ் மாறும் அந்தச் சில மில்லி நொடியைக்கூடத் தாங்காமல் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனது. மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்க வேண்டிய கெப்பாசிட்டர் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் சுண்டைக்காய் அளவில் இருந்ததே காரணம். பழி யூபிஎஸ் தலையில் விழுந்தது. அதற்குப் புது பேட்டரி வந்தது. 1,100 ரூபாய்.

“அப்பா, பவர் சப்ளையா இருக்குமோ?”

“அது புதுசுடா.”

பக்கத்து வீட்டுப் பையன் வேறு ரகம். ஸ்லாட்டிலிருந்தே 75 வாட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடும் குட்டி ஜிடிஎக்ஸ் 1650 கார்டுக்கு 1000 வாட் கோல்டு போட்டு வைத்திருக்கிறான். அவனைக் காட்டித்தான் மீதிக்காரர் தன் கட்சியை நிலைநாட்டுவார்.

மூன்றாம் மாதம் கருகல் வாசனை வந்தது. அவர் கலங்கவில்லை. கடை வாரண்டி ஒரு வருடம். பஸ் பிடித்துப் போய் மாற்றிக்கொண்டு, ஏதோ கடைக்காரரை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியோடு திரும்பினார். அடுத்தது போனபோதும் மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது போகும்போது மதர்போர்டையும் கைப்பிடித்து அழைத்துப் போனது. மதர்போர்டின் விலை 8,500. அதை எந்த வாரண்டியில் கேட்பது என்று கடையில் நெடுநேரம் நின்றார். கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் ஒருவழியாக 3,400 ரூபாய்க்கு 550 வாட் ப்ரான்ஸ் வாங்கினார். ஐந்து வருட வாரண்டி. மகன் மூன்று மணி நேரம் கேம் ஆடியும் மெஷின் முனகவில்லை. ஆனால் மீதிக்காரருக்கு மனசு ஆறவில்லை. 3,400 ரூபாய் தகட்டுக்குப் பின்னால் கிடக்கிறது, வருகிறவன் போகிறவன் எவன் கண்ணிலும் படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டியைத் துடைத்து, ஹால் ஷோகேஸில் கொலு பொம்மைக்கும் மகனின் கேடயத்துக்கும் நடுவே, 12 வோல்ட் கட்டம் வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினார். மச்சான் வந்தபோது கேட்டார், “என்ன மாமா இது, மிக்ஸியா?”