ஆஃப்ரோடு அண்ணன்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பு எதை எடுத்தாலும் அங்கே ஓர் ஆஃப்ரோடு அண்ணன் இருப்பார். பேஸ்மென்டில் நிற்கிற வண்டிகளில் உயரமானது அவருடையது. ஃபோர் வீல் டிரைவ். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரிலும் போகும் என்பார். இதுவரை அது இறங்கிய தண்ணீர் ஐப்பசி மழையில் வேளச்சேரியில் தேங்கியது. ஏறிய மலை, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிப் போட்ட மண்மேடு.

சனி, ஞாயிறோடு ஒரு பண்டிகை விடுமுறை ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், வாட்ஸ்அப் குழு பிறந்துவிடும். பெயர் ‘கொழுக்குமலை காலிங்’. முகப்புப் படத்தில் சேறு தெறிக்க ஒரு வண்டி பாயும். அது அண்ணனுடையது அல்ல. “ஒரே நைட்டுதான்பா. டென்ட்ல படுக்கறோம், சன்ரைஸ் பாக்கறோம், திரும்பறோம்” என்று குரல் பதிவு வரும். அந்த ஒரே ராத்திரிக்கு ஓர் எக்செல் தாளும் வரும். டயர் காற்றை எந்த இடத்தில் 18 பிஎஸ்ஐக்கு இறக்குவது, எங்கே மறுபடி ஏற்றுவது, யார் உப்பு, யார் தீப்பெட்டி என்று எல்லாம் அதில் இருக்கும்.

பிறகு பார்சல்கள் வரத் தொடங்கும். வின்ச், ஜெர்ரி கேன், சேற்றில் சிக்கினால் டயருக்கு அடியில் செருகும் பலகை, மடக்கு மண்வெட்டி.

“மண்வெட்டி எதுக்குங்க?” என்பார் அண்ணி.

உண்மையைச் சொன்னால் அண்ணி வரமாட்டார். அண்ணன் டென்ட்டைப் பிரித்துக் காட்டுவார்.

“அது சரி, அங்க பாத்ரூம் இண்டியனா, வெஸ்டர்னா?”

எக்செல்லில் அந்தக் கட்டம் மட்டும் கடைசிவரை காலியாகவே இருக்கும்.

வியாழக்கிழமை ராத்திரி விக்கெட்டுகள் சரியும். “அண்ணே, மாமியார் வர்றாங்க.” “அண்ணே, பையனுக்குக் காய்ச்சல்.” “அண்ணே, மேனேஜர் லீவு தரமாட்டேங்கறார்.” அந்த மேனேஜரும் அதே குழுவில்தான் இருப்பார்.

தப்பித் தவறிக் கிளம்பிவிட்டால் போடிமெட்டு, பூப்பாறை வழியாக சூரியநெல்லி. கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. அதில் வெளியூர் வண்டிக்கு அனுமதி இல்லை. உள்ளூர் ஜீப்பில்தான் போக வேண்டும். இந்த ஒரு விவரம் மட்டும் எக்செல்லில் இருக்காது. வின்ச், பலகை, மண்வெட்டி சகிதம் அண்ணனின் வண்டி சாலையோரம் ஓய்வெடுக்கும்.

ஜீப் டிரைவர் வேட்டியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு வருவார். பாறை பாறையாக வண்டியை ஏற்றியபடி, போனில் யாரிடமோ சீட்டுப் பணம் கேட்டுக்கொண்டிருப்பார். அண்ணன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிபுணர் தோரணையில் கேட்பார்: “பிரஷர் எவ்வளவு வச்சிருக்கீங்க?”

“பிரஷரெல்லாம் இல்ல சார். சுகர்தான் கொஞ்சம் இருக்கு.”

மறுநாள் விடியலில், மலை உச்சியில், மேகத்துக்கு மேலே சூரியன் எழும். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பமாட்டார். போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடிக்கொண்டிருப்பார், ‘அடுத்தது ஸ்பிட்டி பள்ளத்தாக்கு’ என்று குழுவில் அறிவிக்க.

உங்கள் குடியிருப்பு அண்ணனும் இந்நேரம் குழு தொடங்கியிருப்பார். தாராளமாகச் சேருங்கள், எக்செல்லைப் பாராட்டுங்கள், உப்புக்குப் பெயர் கொடுங்கள். லீவு மட்டும் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.