அங்கே யாரு பிள்ளைங்க படிக்குது?

மே மாதம் வந்தால் எங்கள் ஒன்றியத்தில் எல்லாரும் கல்வியாளர்கள். அந்த ஊர் நடுநிலைப் பள்ளியில் ஸ்மார்ட் வகுப்பு இருக்கிறது, இந்த ஊரில் சுற்றுச்சுவரே இல்லை, அங்கே ஹெட்மாஸ்டர் கண்டிப்பு, இங்கே கழிப்பறையில் தண்ணீர் வருகிறது என்று டீ ஆறும்வரை ஒப்பீடு நடக்கும்.

ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், கணக்கும் அறிவியலும் நடத்த ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அத்தனை பேரும் இருக்கிறார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் வரும் பகுதிநேர ஆசிரியர்கள் 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்கள். பல ஆண்டுகள் மே மாதம் அவர்களுக்குச் சம்பளம் தரப்படவில்லை என்பதும் பேச்சில் வராது. பி.டி. வாத்தியார் விசிலைச் சரியாக ஊதுவதில்லை என்பது மட்டும் வரும்.

இதெல்லாம் முன்னுரை. விஷயத்துக்கு வரும்போது குரல் இறங்கும்.

“அங்கே யாரு பிள்ளைங்கண்ணே படிக்குது?”

பதில் தெரிந்தேதான் கேட்கிறார்கள். ‘ஆதி திராவிடர் நலப் பள்ளி’ என்று பலகையிலேயே எழுதி, ஜனங்களுக்கு விசாரிக்கிற சிரமம் இல்லாமல் செய்திருந்தது அரசாங்கம். இந்தப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதே ஆண்டு நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே சாதி வெறியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்று 2024-இல் எழுதிக் கொடுத்தது. பலகையை அழிக்க ஒரு டப்பா பெயின்ட் போதும். டீக்கடையில் குரல் இறங்குகிறதே, அதற்கு எந்தக் கடையில் பெயின்ட் வாங்குவது?

சோற்றிலும் ஒப்பீடு உண்டு. 2023 செப்டம்பரில் தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களில், பள்ளியில் காலை உணவு சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகப் பெற்றோர் சிலர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. உப்புமாவில் உப்பு சரியா என்று பார்க்கவில்லை. கிண்டிய கையைப் பார்த்தார்கள். அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஐயா, நேற்று ராத்திரி பரோட்டா பிசைந்தவரிடம் சாதிச் சான்றிதழ் கேட்டீர்களா?

வீட்டுக்கு எதிரே பள்ளி. அதைத் தாண்டி நாலு ஊர் சுற்றும் மஞ்சள் வேனில் பிள்ளையை ஏற்றி, வேன் காசுக்கு வட்டிக்கு வாங்கி, “எல்லாம் இங்கிலீஷுக்காகத்தான்” என்கிறார்கள். எதிரே இருக்கும் பள்ளியிலும் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது, காசில்லாமல். அதைச் சொன்னால் சட்டென்று மழையைப் பற்றிப் பேச்சு திரும்பும்.

இப்படி ஆளாளுக்கு ஒதுங்க, பள்ளியில் தலைக்கணக்கு குறையும். ஆசிரியர் உபரி என்று பணி நிரவலில் ஒருவரைத் தூக்கி வேறு ஊருக்குப் போடுவார்கள். அப்புறம் அதே வாய் சாவகாசமாகச் சொல்லும்: “நாங்க சாதி எல்லாம் பார்க்கிறதில்லீங்க. அங்கே வாத்தியாரே கிடையாதே!”