பார்ட்டி வருது, கதவைத் திறங்க!

ஒரு வீடு விற்பனைக்கு வந்துவிட்டால் அதன் மதிப்பைக் கணக்குப் போடப் பலர் கிளம்பிவிடுவார்கள். மனைக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை, கிழக்குப் பார்த்த வாசலுக்குக் கூடுதலாகக் கொஞ்சம், பக்கத்தில் மெட்ரோ வரப்போகிறது என்ற வதந்திக்கு இன்னும் கொஞ்சம். உள்ளே ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறதே, அதற்கு என்ன கணக்கு? கழித்தல் கணக்குதான். "குடி இருக்காங்க, ஆனா சொன்னா காலி பண்ணிடுவாங்க" என்று புரோக்கர் சமாதானம் சொல்வார். மொட்டைமாடியில் ஒழுக்கு இருக்கிறது, பூசிவிடலாம் என்பதையும் அவர் அதே குரலில்தான் சொல்வார்.

சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு விற்பனைச் செய்தி முறையாக வந்து சேர்வதில்லை. ஒரு நாள் காலையில் கேட்டுக்கு வெளியே யாரோ ஒருவர் நின்று செல்போனில் வீட்டைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். யாருங்க என்று கேட்டால், "ஏன், ஓனர் சொல்லலையா?" என்று நம்மையே குற்றவாளியாக்குவார். சாயங்காலம் ஓனரிடமிருந்து போன் வரும். "விக்கிறதா முடிவெல்லாம் பண்ணல சார். சும்மா ரேட் விசாரிக்கிறோம். நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க." வீட்டுக்காரர் பயப்படாதீங்க என்று சொன்னால் அன்றைக்கே அட்டைப்பெட்டி தேடத் தொடங்கலாம். ஆனால் காலி செய்வதற்கு முன்பாக நமக்கு ஒரு புது உத்தியோகம் காத்திருக்கிறது. சம்பளமில்லாத வாட்ச்மேன், அதே ஆளே காட்சிப் பொருள். இந்த உத்தியோகத்துக்கு மாதாமாதம் வாடகையையும் நாமே கட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. "பார்ட்டி வருது, கதவைத் திறங்க" என்று புரோக்கர் போனில் சொல்லும்போதே அழைப்பு மணியும் அடிக்கும். பார்ட்டி என்பது ஒருவரல்ல. கணவன், மனைவி, மாமனார், மச்சான், திசைகாட்டியோடு வந்த வாஸ்துக்காரர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, கேட்பது மரியாதையும் இல்லை. ஒருவர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார். இன்னொருவர் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். மச்சான் படுக்கையறைக்குள் போய் அலமாரிக் கதவை இழுப்பார். "ஆழம் எவ்வளவுன்னு பார்த்தேன்." உள்ளே இருப்பது நம் துணி, நம் மருந்துச் சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடகுக்கடை ரசீது. ஆழம் பார்த்தாகிவிட்டது.

பிறகு கேள்விகள் வரும். "பகல்ல வீட்ல யாரு இருப்பீங்கம்மா?" "சார் எத்தனை மணிக்கு வருவாரு?" "பின்பக்கம் ஒரு கதவு இருக்கே, அதுக்குப் பூட்டு உண்டா?" "ஏரியா சேஃப்தானே?" இந்தக் கேள்விகளை ஒரு திருடன் கேட்டால் அதற்கு நோட்டம் பார்ப்பது என்று பேர். புரோக்கரோடு வந்தவர் கேட்டால் அது வாங்கும் ஆர்வம். வாடகைக்கு வீடு கேட்பதுபோல் வந்து, தனியாக இருந்த மூதாட்டியின் சங்கிலியைப் பறித்துக்கொண்டு போன செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதில்லை. அதைப் படித்துவிட்டு "ஜாக்கிரதையா இருங்கம்மா, தெரியாதவங்களுக்குக் கதவைத் திறக்காதீங்க" என்று அறிவுரை சொல்லும் அதே ஓனர்தான், "ஆம்பளைங்க இல்லைன்னா என்ன மேடம், அஞ்சே நிமிஷம், காட்டி அனுப்புங்க" என்றும் சொல்வார். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் பெண், முன்பின் தெரியாத நாலு ஆண்களை உள்ளே விட்டுவிட்டு, தன் வீட்டு வராந்தாவில் தானே அந்நியளாக நிற்க வேண்டும். சிரித்த முகமாக வேறு நிற்க வேண்டும். முகம் சுளித்தால், "குடி இருக்கிறவங்க கொஞ்சம் ஒரு மாதிரி" என்று ஓனருக்குத் தகவல் போய்விடும்.

வருகிற கூட்டம் போதாதென்று வீடியோவும் உண்டு. "நேர்ல எல்லாராலயும் வர முடியாது சார், ஒரு சின்ன வீடியோ." கேட்டிலிருந்து தொடங்கி, சாவி மாட்டும் ஆணி, டிவி, பீரோ, பூஜை அறை வெள்ளி விளக்கு, ஜன்னல் கம்பியின் இடைவெளி, பின்கட்டுத் தாழ்ப்பாள் என எதுவும் விடுபடாது. அன்று மாலையே அது நாலு வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு யூடியூப் சேனலிலும் பின்னணி இசையோடு ஓடும். ஊருக்குப் போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா, காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்து வருகிறோம் என்கிறது போலீஸ். ஊருக்குப் போவதை ஃபேஸ்புக்கில் போடாதீர்கள் என்றும் எச்சரிக்கிறது. நல்ல யோசனை. நாங்கள் திருச்செந்தூர் போவதை யாருக்கும் சொல்வதில்லை. எங்கள் பீரோ எந்தச் சுவரோரம் இருக்கிறது என்பது மட்டும் ஊருக்கே தெரியும்.

பாதுகாப்பு என்ற பேச்சு எழுந்தால் இந்த நகரம் வாடகைக்கு இருப்பவரைப் பார்க்கும் பார்வையே தனி. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த ஆண்டே, வாடகைக்கு இருப்பவரின் விவரத்தை வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னைக் காவல்துறை உத்தரவிட்டது. புகைப்படம், நிரந்தர முகவரி, வேலை பார்க்கும் இடம், அடையாள அட்டை நகல் எல்லாம் கொடுக்கிறோம். கொடுக்க மறுத்தால் வீடு கிடையாது. சாதி, சமையல், வரும் விருந்தாளி, இரவில் வீடு திரும்பும் நேரம் என்று படிவத்தில் இல்லாததையும் ஓனர் விசாரித்துக்கொள்கிறார். இத்தனை சல்லடைகளில் சலித்து உள்ளே விடப்பட்ட குடும்பத்தின் படுக்கையறைக்குள் ஞாயிறுதோறும் நுழைகிற ஐந்து பேரிடம் யாராவது ஒரு கையெழுத்து வாங்குகிறார்களா? அடுக்குமாடிக் குடியிருப்பில் சாப்பாடு கொண்டுவரும் பையன்கூடப் பேரேட்டில் பெயரும் போன் நம்பரும் எழுதுகிறான். வீடு வாங்க வருபவர் எழுத வேண்டியதில்லை. அவரிடம் பணம் இருக்கிறது, அல்லது இருப்பதுபோல் சட்டை இருக்கிறது.

கூட்டி வருகிற புரோக்கர் யார்? அதையும் கேட்கக் கூடாது. 2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம் முகவர்களைப் பதிவு செய்யச் சொல்கிறது; ஆனால் அது, அந்தச் சட்டத்தில் பதிவான புதுக் கட்டுமானத் திட்டங்களை விற்பவர்களுக்கு. இருபது வருஷத்துப் பழைய வீட்டைக் கைமாற்றிவிடும் தெருமுனைப் புரோக்கருக்கு உரிமமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஒரு பைக், இரண்டு சிம் கார்டு போதும். அந்த இரண்டோடு கூட நம் வீட்டுச் சாவியும் அவர் பாக்கெட்டில் இருக்கும்.

சாவிக்கு இங்கே ஒரு வம்சாவளியே உண்டு. ஓனரிடம் ஒன்று, "அவசரத்துக்கு." அதில் ஒரு நகல் புரோக்கரிடம், "உங்களைத் தொந்தரவு பண்ண வேணாமேன்னு." அவர் வராத நாளில் அவருடைய பையனிடம். போன வருஷம் குடியிருந்தவரும் அவருக்கு முன்னால் இருந்தவரும் திருப்பிக் கொடுத்தது எத்தனை, வைத்துக்கொண்டது எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பூட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள். "தேக்குக் கதவு சார், விக்கிற நேரத்துல அதுல கை வெக்காதீங்க." வாசலில் கேமரா மாட்டலாமா? "சுவத்துல டிரில் போட்டா பார்ட்டி என்ன நினைப்பாங்க?" காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிப்பதற்கு நாம் அனுமதி கேட்க வேண்டும். நம் வீட்டுக்குள் நுழைவதற்கு நம்மைத் தவிர வேறு யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரு நாள் திருடு போகிறது என்றே வைத்துக்கொள்வோம். போலீஸ் வந்து பூட்டைப் பார்க்கும். உடையவில்லை. கதவைப் பார்க்கும். நெம்பிய தடம் இல்லை. "வீட்டாளுங்கதான் யாராவது இருக்கும்" என்று வேலைக்கு வரும் அக்காவை ஸ்டேஷனில் உட்காரவைத்துவிடும். சாவி ஊர் சுற்றிய கதையைச் சொன்னால், ஓனர் மேல் பழி போடுகிறீர்களா என்ற கேள்வி வரும். சரி, காப்பீடாவது காப்பாற்றுமா? பலவந்தமாக நுழைந்து திருடியிருந்தால்தான் இழப்பீடு என்று பாலிசியில் எழுதியிருந்தால், பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் கிடையாது என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே நகல் சாவியோடு வரும் திருடர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஐயா, சாவி இருக்கிறது என்பதற்காகச் சோம்பேறித்தனம் வேண்டாம். போகும்போது பூட்டை ஒரு தட்டுத் தட்டி உடைத்துவிட்டுப் போங்கள், புண்ணியமாகப் போகும்.

சட்டமே இல்லையா என்று கேட்கலாம். தாராளமாக இருக்கிறது. 1882-இன் சொத்து மாற்றச் சட்டம், வாடகை கொடுத்து ஒப்பந்தப்படி நடப்பவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே சொல்லிவிட்டது. வீட்டை விற்றாலும் வாடகை ஒப்பந்தம் செத்துவிடாது, வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தும் என்பதும் அதில் இருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அத்துமீறலைப் பற்றிப் பேசும்போது சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. யார் வசம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறது. தமிழ்நாடு தனக்கென்று 2017-இல் ஒரு வாடகைச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் அமல்படுத்தியது. வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. அதுவும் பழுதுபார்க்க, வீட்டின் நிலையைச் சோதிக்க, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேறு நியாயமான காரணத்துக்காக. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். ஆணி, நாய், மாமிசம், மோட்டார் எல்லாம் இருக்கும். மச்சான் வந்து அலமாரி ஆழம் பார்ப்பது அதில் இருக்கிறதா?

அதே 2019-இல், ஆகஸ்டில், திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே ஆண்டில் தமிழ்நாடு பூட்டுக்கும் கௌரவம் வாங்கிக் கொடுத்தது, வாடகைக்கு இருப்பவருக்கும் உரிமை எழுதிக் கொடுத்தது. பூட்டாவது கடையில் கிடைக்கிறது.

இவ்வளவு உரிமை இருந்தும் ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? காரணம் அட்வான்ஸ். மூன்று மாத வாடகை முன்பணம் போதும் என்கிறது சட்டம். பத்து மாதம் என்கிறது சென்னை. இருபதாயிரம் வாடகை வீட்டுக்கு அறுபதாயிரம் கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு லட்சம் கொடுத்திருக்கிறோம். மிச்சம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் நம் வாய்க்குப் போட்ட பூட்டு. "எழுத்துல சொல்லிட்டு வாங்க சார்" என்று ஒரு வார்த்தை பேசினால், காலி செய்யும் நாளில் பெயின்ட்டுக்கு இவ்வளவு, குழாய்க்கு இவ்வளவு என்று அந்தப் பூட்டு இறுகும். விற்று முடிந்துவிட்டாலோ, "வாங்கினவரைக் கேளுங்க" என்பார் பழையவர். "எங்கிட்ட யாரும் குடுக்கல" என்பார் புதியவர். நம் பணத்தையே பணயமாக வைத்து, நம் வீட்டுக் கதவை நம் கையாலேயே திறக்க வைக்கும் இந்த வித்தைக்கு ஊர் வழக்கம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

விற்பனையில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஓனருக்கு முழு விலை. புரோக்கருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். அரசுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகப் பொதுவாக 9 சதவீதம். வாங்கியவருக்கு வீடு. அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்து, பார்ட்டி வரும் நாளில் கொடித்துணியை எடுத்துவிட்டு, விளக்கைப் போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, போனபின் ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டுப் படுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? காலி செய்யச் சொல்லி ஒரு போன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புற இந்தியாவில் நாலில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில் இருக்கின்றன. தேர்தல் நேரத்தில் எங்கள் கதவைத் தேடி வந்து தட்டும் கட்சிகளில் ஒன்றுகூட, அந்தக் கதவை யார் திறக்கலாம் என்பதைப் பற்றி ஒரு வரி எழுதியதாக நான் பார்த்ததில்லை.

சொந்த வீடு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று ஒரு மகானுபாவர் கேட்பார். வாங்க முடிந்தவர்கள்தான் ஞாயிறுதோறும் எங்கள் கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஓனர்களே, வீடு உங்கள் சொத்து. யாருக்கு வேண்டுமானாலும், என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் வாடகை கட்டும்வரை உள்ளே இருப்பது எங்கள் குடித்தனம். அது உங்கள் விற்பனைக்கான இலவச இணைப்பல்ல. சாவியின் நகல்களைத் திருப்பி வாங்குங்கள். வீடியோவிலிருந்து எங்கள் பீரோவை எடுங்கள். கூடுதலாக வாங்கிய ஏழு மாத அட்வான்ஸை எங்கள் கையில் வைத்துவிட்டுப் பிறகு பேசுங்கள், நாங்களும் கொஞ்சம் குரல் உயர்த்திப் பேசுவோம். அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு இன்னொரு பார்ட்டி வருகிறதாம். வரட்டும். ஒரு நாள் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு ஆதார் நகலோடு வரட்டும். மச்சான் மட்டும் வராந்தாவில் நிற்கட்டும்.