தலைக்கு எத்தனை சதுர அடி?

ராணுவத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்? எந்த நாட்டில், எந்தக் காலத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. இந்தப் பதிலைத் தசமப் புள்ளியோடு சொல்வதற்காக அமெரிக்கத் தரைப்படை இன்று எஸ்.ஏ.பி. மென்பொருள் ஓட்டுகிறது. ஆள்கணக்கை ஒரு பக்கம் போட்டால் சதுர அடி மறுபக்கம் வந்து விழும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? அதிகாரம் இருந்தது, சொத்துக்காரர் ஊரில் இல்லாத நேரமும் இருந்தது. வேலை நடந்தது.

சொத்துக்காரரின் கணவர் பெயர் ராபர்ட் லீ. உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் தளபதி என்றுதான் உலகம் அவரை அறியும். அதற்கு முன் அவர் அமெரிக்க ராணுவத்திடம் சம்பளம் வாங்கிய பொறியாளர். 1831 முதல் 1834 வரை வர்ஜீனியாவில் மன்றோ கோட்டையின் கட்டுமானத்தில் வேலை பார்த்தார். அகழியெல்லாம் உள்ள ஜோரான கோட்டை. பின்னாளில் போர் மூண்டபோது அது கடைசிவரை வடக்கத்தியர் கையிலேயே இருந்தது. கட்டியவர் படையால் அதைப் பிடிக்க முடியவில்லை. பொறியாளருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது. தளபதிக்குத்தான் சங்கடம்.

அவர் மனைவி மேரிக்கு அப்பா வழியில் வந்த சொத்து ஆர்லிங்டன். 1,100 ஏக்கர். பொட்டோமாக் ஆற்றின் எதிர்க்கரையில், வாஷிங்டனை அப்படியே கீழே பார்க்கும் மேடு. பீரங்கி வைக்க வாகான இடம். 1861 மே மாதமே வடக்குப் படை வந்து உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்தால் போதுமா, பத்திரம் வேண்டாமா? வரி பாக்கி என்றார்கள்: 92 டாலர் 7 சென்ட். மேரி அம்மையார் உறவினர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்தனுப்பினார். சொத்துக்கு உரியவரே நேரில் வந்து கட்டினால்தான் வாங்குவோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூட்டுவாதத்தில் முடங்கிய பெண்மணி, எதிரித் தளபதியின் மனைவி, போர்முனையைக் கடந்து வந்து ரசீது வாங்கிப் போகவேண்டுமாம். 1864 ஜனவரியில் ஏலம். கேட்க வந்தது ஒரே ஆள், அரசாங்கம். 26,800 டாலர். விற்றதும் அதே அரசாங்கம் என்பதால் மனஸ்தாபம் இல்லாமல் முடிந்தது.

அடுத்து மேடைக்கு வருகிறவர் மான்ட்கோமரி மெய்க்ஸ், குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல். சிப்பாய்க்குக் கூடாரம், குதிரைக்கு லாயம், கடைசியில் சிப்பாய்க்கே ஆறடி என்று எல்லாவற்றுக்கும் இடம் பார்க்கிற உத்தியோகம். இளைஞராக 1837இல் மிசிசிப்பி ஆற்று வேலையில் லீயின் கீழேயே இருந்தவர். பழைய மேலதிகாரி எதிர்ப்பக்கம் போனதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. போரில் இறந்தவர்களை வீட்டை ஒட்டி, மேரியின் ரோஜாத் தோட்டத்தைச் சுற்றிப் புதைக்க உத்தரவிட்டார். லீ குடும்பம் திரும்பி வந்து குடியேறவே கூடாது என்பது திட்டம். 1882இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நிலத்தைப் பறித்தது தப்பு என்றது. அதற்குள் ஆயிரக்கணக்கான கல்லறைகள். காலி செய்யுங்கள் என்று யாரை எழுப்பிச் சொல்வது? லீயின் மகன் 1,50,000 டாலர் வாங்கிக்கொண்டு 1883இல் எழுதிக் கொடுத்துவிட்டார். ராணுவ நிலத் தேவையின் வரலாற்றில் இதுபோல் நிம்மதியான குடியேற்றம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒருவர்கூடக் கூடுதல் அறை கேட்கவில்லை.

உயிரோடிருந்தவர்கள் கேட்டார்கள். 1941இல் போர்த் துறையில் 24,000 பேர், வாஷிங்டன் வட்டாரத்தில் 17 கட்டடங்களில் சிதறிக் கிடந்தார்கள். அதில் ஒன்று முதல் உலகப் போருக்காகத் தற்காலிகமாகக் கட்டியது. அந்தத் தற்காலிகம் 1970வரை நின்றது. துறைக்கென்றே ஃபாகி பாட்டம் பகுதியில் புத்தம் புதுக் கட்டடம் ஒன்றும் எழும்பியது; முடிந்த பிறகு பார்த்தால் ஆட்கள் அடங்கவில்லை. போர்ச் செயலர் ஸ்டிம்சன் குடிபோக மறுத்துவிட்டார். பின்னால் அது வெளியுறவுத் துறைக்குப் போயிற்று.

அப்போது கட்டுமானப் பிரிவின் தலைவர் பிரஹான் சோமர்வெல். 1941 ஜூலை 17, வியாழக்கிழமை மாலை, இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் ராணுவப் பொறியாளர் ஹியூ கேஸி, இன்னொருவர் கட்டடக் கலைஞர் பெர்க்ஸ்ட்ராம். 40,000 பேர் உட்காரவேண்டும், 40 லட்சம் சதுர அடி, 10,000 கார்கள் நிற்கவேண்டும், நான்கு மாடிக்குமேல் போகக்கூடாது, லிஃப்ட் கூடாது, ஏனென்றால் இரும்பு கிடையாது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரைபடம் மேஜைமேல் இருக்கவேண்டும். இருப்பது 24,000 பேர், கேட்டது 40,000 பேருக்கு. தலைக்கு நூறு சதுர அடி. அவ்வளவுதான் தேவைத் திட்டமிடல். இதே காரியத்துக்கு இன்றைய மென்பொருள் ஆலோசகர்கள் மாதக்கணக்கில் கூட்டம் போடுவார்கள், பிஸ்கட்டும் உண்டு.

கையில் கிடைத்த மனை லீயின் பழைய பண்ணையில் ஒரு துண்டு. ஐந்து பக்கமும் சாலை வெட்டிய கோணல் துண்டு. மனைக்குத் தக்கபடி கட்டடமும் ஐந்து மூலை, அதுதான் பென்டகன். ஐங்கோணத்துக்குள் மந்திரமும் தந்திரமும் தேடுகிறவர்கள் தயவுசெய்து பழைய ரோடு மேப் ஒன்றைப் பார்த்துவிட்டு அமைதியாகலாம்.

அப்புறம் எதிர்ப்பு கிளம்பியது. கல்லறைக்கும் தலைநகருக்கும் நடுவே இப்படி ஒரு பூதத்தை நிறுத்தினால் காட்சி கெட்டுப்போகும் என்றார் நுண்கலை ஆணையத் தலைவர் கில்மோர் கிளார்க். தலைநகரப் பூங்கா, திட்ட ஆணையத்தின் தலைவர் ஃபிரெடரிக் டெலானோவும் கூடாது என்றார். இந்த டெலானோ ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் தாய்மாமன். தாய்மாமன் பேச்சை ஜனாதிபதியானாலும் தட்ட முடியுமா? முக்கால் மைல் தெற்கே தள்ளிக் கட்டு, அளவையும் பாதியாகக் குறை என்றார் ரூஸ்வெல்ட். சோமர்வெல் வாதாடிப் பார்த்தார். முப்படைக்கும் தலைவர் யார் என்பதை ரூஸ்வெல்ட் நினைவூட்டவேண்டி வந்தது. சோமர்வெல் தலையாட்டினார். இடத்தை மாற்றினார். அளவை மாற்றவில்லை. ஐந்து சாலையும் இல்லாத புதிய மனையில் ஐந்து மூலை மட்டும் அப்படியே வந்து உட்கார்ந்தது. கேட்டவர் ஓய்வுபெற்று வருடக்கணக்கான பின்னும் படிவத்தில் கட்டாயமாக நிரப்பவேண்டிய ஒரு கட்டம் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த மென்பொருள்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

1941 செப்டம்பர் 11இல் வேலை தொடங்கியது. வரைகிறவர்களைவிடக் கொத்தனார்கள் வேகம். சில இடங்களில் சுவர் எழும்பிய பிறகுதான் வரைபடமே வந்தது. நடுவில் ஐந்தாவது மாடி முளைத்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கும் வர்ஜீனியா சட்டத்துக்காகக் கழிவறைகளை இரட்டிப்பாகக் கட்டினார்கள், மொத்தம் 284. சுற்றிலும் சாலை போடுவதற்காக குவீன் சிட்டி என்ற கறுப்பர் குடியிருப்பில் சுமார் 150 குடும்பங்களைச் சில வாரத்தில் கிளப்பினார்கள். அவர்களுக்காக வாதாட எந்த ஆணையத் தலைவரும் வரவில்லை, யார் தாய்மாமனும் வரவில்லை. 1943 ஜனவரியில் வேலை முடிந்தது. நாடாளுமன்றத்திடம் சொன்ன செலவு 3.5 கோடி டாலர். ஆனது சுமார் 8.3 கோடி. வேலையை விரட்டி விரட்டி நடத்திய லெஸ்லி குரோவ்ஸுக்கு அடுத்துக் கொடுத்தது அணுகுண்டுத் திட்டம். பென்டகனுக்குப் பிறகு அது அவருக்குக் காற்றாடப் போய்வந்ததுபோல் இருந்திருக்கும்.

போர் முடிந்ததும் இந்தக் கட்டடத்தில் பழைய கோப்புகளை அடுக்கிவைக்கலாம் என்பது ரூஸ்வெல்ட்டின் யோசனை. அந்தப் பாரம் தாங்குகிற அளவுக்குத் தளத்தைப் பலமாகவும் போட்டார்கள். கோப்புகளுக்கு இன்னும் முறை வரவில்லை.

எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு பாடு என்பது தனிக் கதை. யூட்டாவில் டக்ளஸ் கோட்டை என்று ஒன்று. தபால் வண்டிப் பாதையைக் காக்கவும் மோர்மன்கள்மேல் ஒரு கண் வைக்கவும் 1862இல் அமைத்தது. தபால் வண்டி போய் ரயில் வந்து விமானமும் வந்துவிட்டது. கோட்டை ராணுவக் கணக்கில் இருந்தது. எந்த முகாமை மூடப் போனாலும் அந்தத் தொகுதி உறுப்பினர் தேசப் பாதுகாப்பே பறிபோனதாக அழுவார். 1977இல் போட்ட சட்டம் மூடுவதையே ஏறத்தாழ முடியாத காரியமாக்கியது. 1988இல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: ஆணையம் ஒன்று பட்டியல் போடும், மொத்தமாக ஏற்கலாம், இல்லையேல் மொத்தமாக நிராகரிக்கலாம், ஒன்றை மட்டும் உருவக்கூடாது. டக்ளஸ் கோட்டை அந்தப் பட்டியலில் போனது. 2005 சுற்றில் லீயின் மன்றோ கோட்டையும் சிக்கி 2011இல் மூடப்பட்டது. மூடினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட ஒரு மென்பொருளும் உண்டு, அதன் பெயர் கோப்ரா. 2005 சுற்றுக்குச் செலவு 2,100 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஆனது 3,500 கோடி. இருபது வருடத்தில் 3,600 கோடி மிச்சமாகும் என்ற எதிர்பார்ப்பு 990 கோடியாகச் சுருங்கியது. பெயரை வைத்தவர் தீர்க்கதரிசி.

இந்த லட்சணத்தில் ஓடிவந்த கணக்கைத்தான் கணினிக்குள் ஏற்றினார்கள். தரைப்படையில் முதலில் ஏசிப் என்ற பட்டியல்: எந்த முகாமுக்கு, எந்த வருடம், எந்தப் படைப்பிரிவு, எத்தனை தலை. கல்யாணச் சமையல்காரரிடம் எத்தனை இலை என்று சொல்கிற மாதிரி, அந்த ஒரு எண்ணிலிருந்துதான் மற்றதெல்லாம். அதை ஆர்பிளான்ஸ் என்ற நிரல் வாங்கி, படுக்கை விடுதிக்கு இவ்வளவு, பட்டறைக்கு இவ்வளவு என்று விதிப்படி பெருக்கும். ஒவ்வொரு வகைக் கட்டடத்துக்கும் ஐந்திலக்க எண் உண்டு. வந்த விடையிலிருந்து ஏற்கெனவே இருப்பதைக் கழித்தால் பற்றாக்குறையோ உபரியோ தெரியும். இருப்பது எது என்று சொல்லும் பொறுப்பு ஜீஃபெப்ஸ் என்ற எஸ்.ஏ.பி. அமைப்பினுடையது. 2005இல் அக்சென்ச்சரிடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள், 2012இல் எங்கும் போட்டு முடித்தார்கள். எஸ்.ஏ.பி.யில் ஆர்.இ. 80 என்று தட்டினால் நிலம், அதன்மேல் கட்டடம், அதற்குள் பகுதி பகுதியாக என்று கிளை கிளையாக விரியும். பார்க்க அழகாகவே இருக்கும். சோமர்வெல் இருந்திருந்தால் 40,000 என்று ஒரே கட்டத்தில் அடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்.

பெருக்கல் சுலபம். கழித்தலில்தான் வம்பு. பதிவேட்டில் இல்லாத கட்டடத்தை எப்படிக் கழிப்பது? 2018இல் பாதுகாப்புத் துறை முழுவதற்கும் முதல்முறையாகத் தணிக்கை நடந்தது. விமானப்படை தன் 12 தளங்களில் 478 கட்டடங்களும் கட்டுமானங்களும் சொத்துப் பதிவேட்டிலேயே இல்லை என்று கண்டது. கடற்படைக்கு ஜாக்சன்வில்லில் ஒரு கிடங்கே கிடைத்தது. கணக்கில் இல்லாத கிடங்கு, உள்ளே 12.6 கோடி டாலர் பெறுமான விமான உதிரிப் பாகங்கள். அதுவரை எந்த நிரலைக் கேட்டிருந்தாலும் அந்தக் கிடங்கைச் சேர்க்காமலேதான் கூட்டிக் கழித்திருக்கும், முகத்தில் சலனமே இல்லாமல். தரைப்படை சிரிக்கவேண்டாம், அதுவும் அந்தத் தணிக்கையில் தேறவில்லை. 2024வரை நடந்த ஏழு தணிக்கையிலும் பாதுகாப்புத் துறை மொத்தமாகவே தேறவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே 2017இல் பாதுகாப்புத் துறை தானே கணக்குப் போட்டு, கையிலிருக்கும் முகாம் வசதியில் 19 சதவீதம் உபரி என்று எழுத்தில் ஒப்புக்கொண்டது. மூடுவதற்கு இன்னொரு சுற்று வேண்டும் என்று பலமுறை கேட்டும் பார்த்தது. நாடாளுமன்றம் தரவில்லை. கடைசியாக நடந்தது 2005 சுற்றுதான்.